கிழட்டு ராஜ்புத்தின் கடைசி வேலை

1971 போர்னு சொன்னா விக்ராந்த் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதுக்காக வேஷம் கட்டின ராஜ்புத்தை யாரும் அவ்வளவாப் பேசறதில்லை.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க்கில் கட்டப்பட்டு 1942-ல் நீரில் இறங்கிய நாசகாரிக் கப்பல் அது. அப்போது பெயர் ராதர்ஹாம். பிரிட்டிஷ் கடற்படைக்காக இந்தியப் பெருங்கடலில் ஜப்பானியருக்கு எதிராகச் சுற்றியது. 1949-ல் ராஜ்புத் என்ற பெயரோடு நம்மிடம் வந்தது. கூடவே வந்த இரண்டு: ராணா, ரஞ்சித்.

1971-ல் கப்பலுக்கு வயசு முப்பதை நெருங்கிவிட்டது. பணியிலிருந்து விலக்கவேண்டிய நேரம். அப்போதுதான் கிழக்குக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் (நம்ம நாகர்கோவில்காரர்) அதை ஒரு வேலைக்குப் பிடித்துப் போட்டார். விக்ராந்தைத் தேடி பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்திருந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, ராஜ்புத்தை விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார். பெரிய கப்பலுக்கான அளவில் காய்கறி, இறைச்சிக்கும் ஆர்டர் போனது. சந்தையில் ஒற்றர் காது இருக்கும்னு தெரிஞ்சே செய்த வேலை.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. வழியில் ஓரிடத்தில் நீர் கலங்கியது. தளபதி இந்தர் சிங் இரண்டு டெப்த் சார்ஜ்களைப் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெரும் வெடிச்சத்தம். ஊருக்குள் ஜன்னல்கள் அதிர்ந்தன. காஜியில் இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மூழ்கடித்தது ராஜ்புத்தா? இந்தியத் தரப்பு ஆமாம் என்றது. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே காஜி சிக்கியது என்றது பாகிஸ்தான். உள்ளேயே வெடித்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டா, டெப்த் சார்ஜை விட அந்தக் காய்கறி ஆர்டர்தான் முக்கியம். காஜி விசாகப்பட்டினம் வாசலிலேயே காத்துக் கிடந்தது, விக்ராந்த் பிழைத்தது. வெடித்த காரணம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்று. காஜியும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல்தான். அமெரிக்காவில் டயாப்ளோ என்ற பெயரில் 1944-ல் நீரில் இறங்கியது. ஒரே அணிக்காகக் கட்டப்பட்ட இரண்டு கிழங்கள், கொடி மாறி எதிரெதிரே நின்றன.

ராஜ்புத் 1976-ல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. காஜி இன்னும் விசாகப்பட்டினத்துக் கடலடியில், தன் ஆட்களோடு கிடக்கிறது.