கையில் ஏந்திய தீ: வாணவேடிக்கைப் பாடல்களும் கம்பம் பள்ளத்தாக்கும்

இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றைத் தேடுகிற எவரும் பி. கே. கோடேயிடம்தான் முதலில் போய் நிற்க வேண்டும். புனே பண்டார்க்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தின் சுவடிக் காப்பாளராக இருந்த அவர், 1400 முதல் 1900 வரையிலான வாணவேடிக்கை பற்றி 1953இல் வெளியிட்ட சிறு நூலை அதற்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டினார்களே தவிர மறுபரிசீலனை செய்யவில்லை. தமிழ்த் திரைப்படத்தின் வாணவேடிக்கைப் பாடல்களைப் பற்றிப் பேச வந்த இக்கட்டுரை அவரிடமிருந்து தொடங்குவது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஒரு பாடலை எப்படிச் சான்றாகப் படிப்பது என்பதில்தான் அவரோடு எனக்கு வழக்கு.

கோடேயின் சான்றுகள் வலுவானவை. 1443இல் விஜயநகரம் வந்த அப்துர் ரசாக் மகாநவமி விழாவில் கண்ட வெடிக்காட்சி, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத் திருமணங்களைப் பற்றி பார்போசா எழுதியது, ஒரிசாவின் கஜபதி பிரதாபருத்ரதேவன் பெயரில் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’யின் மருந்துக் கலவைகள், ஏகநாதரின் ‘ருக்மிணி சுயம்வரம்’. இந்த வரிசையை அடுத்தடுத்துப் படிப்பவர் மனத்தில் ஒரு படம் எழும். அரசனோ செல்வனோ செலவு செய்கிறான், கைதேர்ந்தவன் கொளுத்துகிறான், மக்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கோடே இதை ஒரு கோட்பாடாக எங்கும் முன்வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தேடியது காலம். படம் சான்றுகளின் அடுக்கிலிருந்து தானாக எழுகிறது. அதனாலேயே அது அதிகம் ஏமாற்றுகிறது.

என் மறுப்பு ஏகநாதரிடம் தொடங்குகிறது. ‘ருக்மிணி சுயம்வரம்’ மராத்தி வீடுகளில் பாராயணம் செய்யப்படும் நூல். பாடிக் கேட்கும் நூல். அதில் கல்யாண வேளையில் வரும் வாண வகைகளின் பெயர்களைக் கோடே எடுத்துக்கொள்கிறார். கலவை நூலையும் கல்யாணக் காவியத்தையும் ஒரே தராசில் நிறுத்திச் சரக்குப் பட்டியல் ஆக்கிவிடுகிறார். யார் கொளுத்தினார், யார் பார்த்தார், சத்தமா வெளிச்சமா, எந்தப் பருவம் என்ற கேள்விகள் பட்டியலுக்கு வெளியே விழுந்துவிடுகின்றன. ஒரு பொருள் இன்ன நூற்றாண்டில் இருந்தது என்று நிறுவ இம்முறை போதும். அப்பொருள் ஏன் பாட்டுக்குள் வந்தது என்று கேட்டால் இம்முறையிடம் பதில் இல்லை.

கோடேயின் படம் அச்சாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு, அது ஜப்பான். தோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் நடப்பதுபோன்ற பெருங்காட்சிகளில் கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. அந்நாட்டு பாப், ராக் பாடல்களும் அங்கேயே நிற்கின்றன. ஃபுஜிஃபேப்ரிக் குழுவின் ‘வகமோனோ நோ சுபேதே’ (2007), தாவோகோவும் யோநெசு கென்ஷியும் சேர்ந்து பாடிய ‘உச்சியாகே ஹனாபி’ (2017) ஆகியவற்றில் வெடி வானத்தில் இருக்கிறது, பாடுபவர் கீழே இருக்கிறார், கோடை முடிகிறது. ஜிட்டரின் ஜின் 1990இல் பாடி, ஒயிட்பெர்ரி 2000இல் மறுபடி பாடிய ‘நாட்சு மட்சுரி’யில் கைமத்தாப்பும் வருகிறது, ஆனாலும் பெருவழக்கு அதுவல்ல. கோடைக்கும் வாணத்துக்குமான இந்த உறவுகூட என்றும் இருந்ததல்ல. பழைய ஹைக்கூப் பருவச்சொல் தொகுதிகள் வாணவெடியை இலையுதிர் காலத்தில் வைத்திருந்தன. அது பிறகே கோடைக்கு நகர்ந்தது. ஆக, பாட்டில் வெடியின் பருவம் நகரக்கூடியது. தமிழில் அது எதிர்த்திசையில் நகர்ந்தது என்பதே என் வாதம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வேட்டுச் சத்தத்துக்குரிய பழைய பருவம் கோடைதான். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில், முல்லையாற்றங்கரையில், எட்டு நாள் நடக்கிறது. மலைக்கு அப்பாலும் அதே பருவம்: விஷுவும் திருச்சூர் பூரமும் மேட மாதத்தில் வருகின்றன. காய்ந்த வானம் இருக்கும் மாதத்தில்தான் வாணம் விட முடியும் என்பது எளிய காரணம். இப்பள்ளத்தாக்கிலிருந்து சினிமாவுக்குப் போனவர்களைச் சொல்லத் தேவையில்லை. பண்ணைப்புரத்து இளையராஜாவும் கங்கை அமரனும், அல்லிநகரத்துப் பாரதிராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. திரையில் திருவிழாவை நிறைத்தவர்கள் இவர்கள். ஆனால் சித்திரை வாணவேடிக்கையை மையமாகக் கொண்டு, எல்லோரும் முணுமுணுக்கும் பாடல் ஒன்று இவர்களிடமிருந்துகூட வரவில்லை. கரகம் வந்தது, பறையும் உறுமியும் வந்தன, முளைப்பாரி வந்தது. வேட்டு பின்னணிச் சத்தமாகவே நின்றுவிட்டது. ஊர் மண்ணை அப்படியே அள்ளி வந்தார்கள் என்ற வழக்கமான விளக்கம் இந்த இடத்தில் உதவாது. ‘16 வயதினிலே’ (1977) படத்தின் பெரும்பகுதியே கர்நாடகத்தில் எடுக்கப்பட்டது. அள்ளியது எந்த மண் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

வாணம் பாட்டானபோது அது தீபாவளிப் பாட்டாக, ஐப்பசிப் பாட்டாக ஆனது. ‘கல்யாணப் பரிசு’ (1959) இதற்கு முக்கியமான சான்று. ஏ. எம். ராஜாவின் இசையில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ‘உன்னைக் கண்டு நான் ஆட’ ஒரே மெட்டில் இரண்டு முறை வருகிறது. மகிழ்ச்சிக்கு பி. சுசீலா, துயரத்துக்கு ராஜாவே. அதே பண்டிகை, அதே வெடி. பாடுகிறவர் நிலை மட்டும் மாறிவிட்டது.

இதற்குச் சட்டென்று தோன்றும் காரணம் பட வெளியீடு. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்ட நாளிலிருந்து தமிழ் சினிமாவின் நாட்காட்டி ஐப்பசியில் மையம் கொண்டது. பாட்டும் அங்கே போனது என்று சொல்லலாம். ஆனால் ‘கல்யாணப் பரிசு’ ஏப்ரலில் வெளியான படம். கீழே பேசப்போகும் ‘பூவே பூச்சூடவா’வும் தீபாவளிக்கு வந்ததல்ல. வெளியீட்டுக் காரணம் பாதி தூரம்தான் வரும்.

மீதித் தூரத்துக்குச் சிவகாசி தேவை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும், அத்தொழில் பின்னர் மத்தாப்பு, பட்டாசு என்று விரிந்ததும் அறிந்த செய்திகள். இதன் விளைவைக் கோடேயின் படத்தோடு ஒப்பிட வேண்டும். வாணக்காரர் கையில் இருந்த தீ, காசு கொடுத்தால் பிள்ளைகள் கைக்கு வந்தது. மழைக்கால இரவில் வானத்தை நம்பாமல் வாசல்படியிலேயே கொளுத்தக்கூடிய கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம். பார்த்தவரே கொளுத்துபவர் ஆகிவிட்டார். பாட்டுக்கு வேண்டியிருந்தது இந்த ‘நான்’. இம்மாற்றம் பள்ளத்தாக்கின் வீடுகளில் எந்த ஆண்டு முழுமையடைந்தது என்று நிறுத்திச் சொல்ல முடியாது. 1940களுக்கும் ‘கல்யாணப் பரிசு’க்கும் இடைப்பட்ட காலம் என்ற அளவில் விட்டுவிடுவதே சரி.

இந்த வாதத்துக்கு நான் அதிகம் சாய்ந்து நிற்பது ஒரு பாடபேதத்தின் மேல். ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் ‘நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு’ (1984). ஜெர்ரி அமல்தேவ் இசை, பிச்சு திருமலா பாடல்கள். அதில் ‘லாத்திரி பூத்திரி’ என்றொரு பாட்டு உண்டு. லாத்திரியும் பூத்திரியும் வெடிக்காதவை; பொறி சிந்தி எரிபவை; விஷுவுக்கு மலையாளப் பிள்ளைகள் கையில் பிடிப்பவை. அடுத்த ஆண்டே ஃபாசில் அதைத் தமிழில் ‘பூவே பூச்சூடவா’ என்று எடுத்தார். இப்போது இசை பண்ணைப்புரத்து இளையராஜாவுடையது. சித்ரா பாடிய ‘பட்டாசு சுட்டுச் சுட்டு’ அங்கே வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் தொலைக்காட்சிகள் விடாமல் போடும் பாட்டு அது. அதே இயக்குநர், அதே கதை, அதே பத்மினி, அதே நதியா. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஒளிச்சரக்காக இருந்தது, இந்தப் பக்கம் இறங்கியதும் முதல் சொல்லிலேயே வெடிக்கிறது.

கோடேயின் முறையில் படித்தால் இங்கே கிடைப்பது மூன்று சரக்குப் பெயர்கள்தான். கதையோடு சேர்த்துப் படித்தால் வேறு தெரியும். தனியே வாழும் பாட்டி. அழைப்பு மணியின் சத்தம்கூட அவளுக்குத் தொல்லை. அந்த வீட்டுக்குள் ஒரு பேத்தி வெடியைக் கொண்டுவருகிறாள். ஒளியைவிடச் சத்தமே அங்கே கதையை நகர்த்துகிறது. பேத்திக்கு நாள் அதிகமில்லை என்பது பின்னால் தெரிகிறது. ஜப்பானியப் பாடகர் நிலையாமையைப் பாட்டுக்குள்ளேயே வைப்பார். இங்கே அது கதையில் இருக்கிறது, பாட்டுக்கு அது தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து, தீபாவளிக்கே வெளியான ‘நாயகன்’ (1987) படத்தில் ஜமுனாராணியும் எம். எஸ். ராஜேஸ்வரியும் பாடும் ‘நான் சிரித்தால் தீபாவளி’யில் பண்டிகையே தேவைப்படவில்லை, வெடி பாடுபவளின் சிரிப்பாகிவிட்டது. நகர்வு அங்கே முடிந்துவிட்டது என்பேன்.

சான்று மெலிந்த ஓர் இடத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீரபாண்டித் திருவிழாவின் நடுத் தீ வானத்தில் இல்லை; அக்னிச்சட்டியில், நேர்ந்துகொண்டவர் கையில் இருக்கிறது. ஆயிரங்கண் பானையும் கையால் எடுத்து வருவதுதான். இந்த ஊரார் பாடியது கையில் ஏந்திய தீயைப் பற்றி. வானத்தில் போனது வேட்டுக்காரர் பாடு. இந்தப் பழக்கம்தான் சித்திரை வாணத்தைப் பாட்டாக்காமல் விட்டு, வாசல் மத்தாப்பு வந்தவுடன் அதை ஏற்றுக்கொண்டது என்று கருதுகிறேன். சிவகாசியை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவரை முழுதாக மறுக்க இப்போதைக்கு என்னிடம் இந்த ஒப்புமையைத் தவிர வேறு இல்லை.

மறுக்கவோ நிறுவவோ உதவக்கூடியவை மண்டகப்படிக் கணக்கு நோட்டுகள். எந்தச் சமூகம், எந்தக் கடைவீதி, எந்த நாள் மண்டகப்படிக்கு வேட்டுக்கு எவ்வளவு கொடுத்தது என்பது அவற்றில் பதியப்படுவது வழக்கம். கோடேயின் அரசனுக்குப் பதில் ஊரே செலவு செய்த கதை அங்கேதான் இருக்கும். தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர்ப் பக்கத்தில் அப்படிப் பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் கரையானுக்கு விடாமல், பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்கோ வரலாற்றுத் துறைக்கோ ஒரு படியாவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.