கருவைக் கலைத்தது கோளா? கிருமியா?

கரு கலைந்தால் நம் நாட்டில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் யார்? இழந்து அழுகிறாளே, அந்தப் பெண்தான்! நாகதோஷம் என்பான் சோதிடன். முனி அடித்தது என்பான் பூசாரி. ராசியற்றவள் என்பாள் மாமியார். கணவனைக் கேட்பாரில்லை, கொசுவைக் கேட்பாருமில்லை!

கொசுவையா? ஆம். அந்த வரலாறு நமது வ.உ.சி. துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலே நிகழ்ந்தது. முத்துக்குளித்த மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் சென்றடைந்த கொழும்பிலே!

1934இல் இலங்கையில் மழை பொய்த்தது. வறட்சியில் காய்ச்சல் குறையும் என்றுதானே எண்ணுவோம்? நடந்ததோ நேர்மாறு. ஓடும் ஆறு கொசுப்புழுவை அடித்துச் செல்லும். வற்றிய களனியும் மகா ஓயாவும் தேங்கிய குட்டைகளாகி, கொசுவுக்குத் தொட்டில் கட்டின. 1934–35இல் மலேரியா சுமார் 80,000 உயிரைக் குடித்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொய்னா மருந்தோடு ஊர் ஊராக அலைந்தனர். பரிகாரம் செய்யச் சொல்லவில்லை அவர்கள்!

அக்காலத்தில் கொழும்பு தி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் விக்கிரமசூரியா, காய்ச்சல் கண்ட கருவுற்ற பெண்களை ஆராய்ந்தார். கருச்சிதைவு, குறைப்பிரசவம், செத்துப் பிறந்த சேய் என அவர் கண்டவை 1937இல் நூலாயின.

காரணம் என்ன? மலேரியாக் கிருமி புகுந்த இரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் சென்று ஒட்டிக்கொள்கின்றன. கருவுக்குச் செல்லும் உணவும் உயிர்வளியும் குறைகின்றன. கடுங்காய்ச்சலும் சோகையும் மேலும் வதைக்கின்றன. அணுக்கள் நஞ்சுக்கொடியின் எப்பொருளில் ஒட்டுகின்றன என்பது 1996இல் தெளிவாயிற்று. ‘கொய்னா கருவைக் கலைக்கும்’ என்று அஞ்சியோர் பலர். உரிய அளவில் தந்த மருந்தைவிட, மருந்தின்றி விட்ட காய்ச்சலே கருவுக்குப் பெரும்பகை.

எல்லாச் சிதைவுக்கும் கிருமியே காரணம் என்று நான் சாதிக்கவில்லை; அதுவும் மற்றொரு மூடநம்பிக்கையாகிவிடும். தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் பிழையால் கலைபவை. அதில் தாயின் நடத்தைக்கு என்ன பங்கு? மேகநோயோ வேறு கதை. பெரும்பாலும் கணவன் கொண்டுவந்து மனைவிக்குத் தருவது, கருவைக் கொல்வது. 1906இலேயே அதற்கு இரத்தச் சோதனை வந்துவிட்டது, 1943இல் பென்சிலின் அதனை வென்றது. ஆனாலும் ராசியற்றவள் என்ற பட்டம் மனைவிக்குத்தான்!

எதிர்க்கரையில் மருந்து தெளித்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், நோயாளியைத் தேடிச் சென்று மருந்து கொடுத்தார்கள். 2016 செப்டம்பரில், இலங்கையில் மலேரியா ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கோள்கள் அன்றிருந்தபடியேதான் சுற்றிக்கொண்டிருந்தன.