மகமையும் லங்கரும்

விருதுநகர் மொத்த வியாபாரிகளின் பழைய சிட்டைகளில் தரகு, கூலிக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: மகமை. வற்றலோ மல்லியோ பருப்போ, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை உறவின்முறை என்னும் நாடார் சாதிச் சங்கத்தின் பொதுப்பணத்துக்குப் போய்ச் சேரும். கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. சரக்கு கைமாறினால் மகமை உண்டு.

பஞ்சாபில் சீக்கியர்கள் இதையொத்த ஒன்றைத் தஸ்வந்த் என்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு பொதுக்காரியத்துக்கு. குரு நானக் (1469–1539) வகுத்த வழியில் உழைத்துப் பிழைப்பதும், இறைவனை நினைப்பதும், பகிர்ந்து உண்பதும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. சாமியார் ஆவதற்கு அங்கே இடமில்லை. கடையும் வயலும்தான் பக்தி நடக்கும் இடம்.

மகமை பிறந்த கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டியில் சரக்கோடு அலைந்த நாடார் வியாபாரிகள், வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டிக்கொண்டார்கள். அதற்கான செலவில் தொடங்கிய வசூல் பிறகு கோயில், கிணறு, பள்ளிக்கூடம் என்று விரிந்தது. மற்றவர்களின் கோயிலுக்குள் நாடார்கள் நுழைய முடியாத காலம் அது; 1897இல் கமுதி ஆலய நுழைவு வழக்காகவே போனது, 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி பற்றி எரிந்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1889இல், விருதுநகரில், அதாவது அன்றைய விருதுபட்டியில், சத்திரிய வித்யாசாலா பள்ளி தொடங்கிவிட்டது. மகமைப் பணத்தோடு பிடி அரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கியது. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். அதைச் சேகரித்துக் காசாக்கிப் பள்ளியை நடத்தினார்கள். மற்றச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். காமராஜரும் அந்தப் பிடி அரிசியில் படித்தவர்தான்.

சீக்கியர்களின் பொதுச் சமையலான லங்கர் தென்கோடிக்கே வந்ததும் உண்டு. 1924இல் கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர்கள் அங்கே லங்கர் திறந்து எல்லோருக்கும் சோறு போட்டார்கள். காந்திக்கு அது பிடிக்கவில்லை. வெளியார் போடும் இலவசச் சாப்பாடு உள்ளூர்க்காரர்களின் சுயமரியாதைக்கு இழுக்கு என்று எழுதினார். லங்கர் மூடப்பட்டது. காந்தியின் வாதம் விருதுநகர் வியாபாரிக்குச் சட்டென்று பிடித்திருக்கும்: தன் பள்ளிக்கூடத்துக்குத் தன் வீட்டுப் பானை.

ஆனால் மகமையின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. யார் வந்தாலும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வைப்பது லங்கர். மகமையின் சாவியோ கடைசிவரை உறவின்முறை கையில்தான். விருதுநகரிலிருந்து லங்கருக்குக் கிட்டத்தில் வந்தது வேறொன்று. முதலமைச்சரான காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம் அது. அதற்கும் தொடக்கத்தில் அரசுப் பணத்தோடு ஊரார் பங்கும் கேட்டு வாங்கப்பட்டது.