எண்பது மைல் கடந்து வந்த வாக்கு

அமெரிக்க சுதந்திரப் போரைப் பற்றிப் பேசப்புகின் வோஷிங்டன், யெபர்சன் முதலானோர் பெயர்களே நம் நாவில் முதலில் வருகின்றன. டெலவயர் என்னும் சிறிய குடியேற்ற நாட்டவரான சீசர் றொட்னியை நம்மிற் பலர் அறியோம். 1728ஆம் ஆண்டு டோவர் நகருக்கண்மையிற் பிறந்த இவர், சட்டசபை அங்கத்தவராயும் உயர்நீதிமன்ற நீதியரசராயும் குடிப்படைத் தளபதியாயும் விளங்கியவர். அவற்றையெல்லாம் விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஓரிரவின் கதையை மட்டும் சொல்வோம்.

1776 யூலை 1ஆந் திகதி பிலடெல்பியாவிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில் சுதந்திரப் பிரேரணை வாதிக்கப்பட்டது. நாடொன்றுக்கு ஒரு வாக்கு. ஒன்பது நாடுகள் ஆதரித்தன. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்த்தன. நியூயோர்க் ஒதுங்கி நின்றது. டெலவயர்ப் பிரதிநிதிகளுள் மக்கீன் 'ஆம்' என்றார். ரீட் 'இல்லை' என்றார். மூன்றாமவரான றொட்னியோ மன்னர் கட்சியாரின் குழப்பத்தை அடக்கும் பணியில் ஊரிலே நின்றார். மக்கீன் அவசரமாக ஆளனுப்பினார்.

றொட்னிக்கு ஆஸ்துமா, முகத்திலோ புற்றுநோய். இடியிலும் மழையிலும் எண்பது மைல் வழியை இரவோடிரவாகக் கடந்து, மறுநாள் வாக்கெடுப்புக்கு வந்து சேர்ந்தார். டெலவயரின் வாக்கு சுதந்திரத்துக்கு விழுந்தது. எதிர்த்த இரு நாடுகளும் அன்று மனம் மாறின. றொட்னி வராவிடினும் பெரும்பான்மை இருந்ததே என்று கணக்குப் பார்ப்போர் கூறலாம். கணக்குச் சரிதான். ஆனால் வல்லரசொன்றோடு போருக்கிறங்கும்போது ஒரு நாடாவது பிளவுபட்டு நிற்பதை அச்சபையோர் விரும்பவில்லை.

இதற்குக் கிடைத்த கைம்மாறு யாது? அவ்வாண்டே கென்ட் பகுதி மக்கள், புதிய அரசியலமைப்பை வகுக்கும் சபைக்கு அவரைத் தெரிவுசெய்ய மறுத்தனர்; காங்கிரஸ் பதவியும் பறிபோயிற்று. 'இல்லை' என்ற ரீட் பின்னர் பிரகடனத்திற் கையொப்பமிட்டார் என்பது வேடிக்கை! எனினும் 1778இல் டெலவயரின் தலைவராக றொட்னியே தெரிவுசெய்யப்பட்டு மூன்றாண்டுகள் ஆட்சி நடத்தினார். 1784இற் காலமானார்.

ஒன்றை மறைத்தல் நமக்குத் தகாது. சுதந்திரத்துக்கு வாக்களித்த இவர் அடிமைகளை உடையவராயிருந்தார். அவர்களைப் படிப்படியாக விடுவிக்குமாறு உயிலில் எழுதிவைத்தார். தாம் வாழ்ந்த காலத்தில் அதைச் செய்து முடிக்கவில்லை. வில்மிங்டன் நகரில் 1923இல் நிறுவப்பெற்ற, குதிரைமேல் விரையும் அவரது சிலையை 2020 யூன் மாதத்தில் நகரத்தார் பீடத்திலிருந்து இறக்கினர்.