தள்ளுபடியான மனுக்கள்

கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் எம்மனோர்க்குத் தாளின் அருமை எளிதில் புலப்படுவதில்லை. தள்ளுபடியான மனு என்றால் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். அத்தகைய தாள்களும் துணைநின்று படைத்தலைவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய வரலாறு அர்ஜென்டினா நாட்டிற்கு உண்டு.

1976 மார்ச் 24-ஆம் நாள் அந்நாட்டு முப்படைத் தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அதன்பின் மக்கள் ஆயிரக்கணக்கில் 'காணாமற்போயினர்'. நள்ளிரவில் வீடு புகுந்து இழுத்துச் செல்வர், எந்தச் சிறையேட்டிலும் பெயர் இராது, உடலும் திரும்பாது. கோவலன் கொலையுண்ட செய்தியேனும் கண்ணகிக்கு எட்டிற்று. சிலம்பை ஏந்திச் சென்று வழக்குரைக்க ஓர் அரண்மனை வாயிலும் இருந்தது. இத்தாய்மார்க்கோ மகன் இருக்கின்றானா, இறந்தானா என்பதே தெரியாது. 1977 ஏப்ரல் 30 அன்று அவர்களுள் 14 பேர் தலைநகர் புவெனஸ் அயர்சில், அரசு மாளிகையின் எதிரேயுள்ள மே சதுக்கத்தில் கூடினர். கூடி நிற்றலாகாது எனக் காவலர் விரட்டவே, சுற்றி நடக்கலாயினர். பின்னாளில் வெண்ணிறத் தலைத்துணியே அவர்களின் அடையாளமாயிற்று.

ஆட்கொணர்வு மனுக்களும் ஆயிரக்கணக்கில் தொடுக்கப்பட்டன. அப்படியொருவர் தம் காவலில் இல்லை என அதிகாரிகள் விடையிறுப்பர். நீதிமன்றம் அதனை ஏற்று மனுவைத் தள்ளிவிடும். (நம் நாட்டிலும் அதே 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையின்போது இத்தகைய மனுவுக்கு இடமில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், நீதியரசர் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றன.) பயனில்லை என்றறிந்தும் உறவினர் எழுதிக்கொண்டே இருந்தனர், படிகளைப் போற்றிக் காத்தனர்.

1982-இல் ஃபாக்லாந்துப் போரில் தோற்ற படையாட்சி, விலகுமுன் தனக்குத் தானே மன்னிப்புச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஆவணங்களை அழிக்கவும் ஆணையிட்டது. 1983 டிசம்பரில் குடியரசுத் தலைவரான அல்போன்சின் காலத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நாவலாசிரியர் எர்னெஸ்டோ சபாட்டோவின் தலைமையில் ஆணையம் ஒன்று அமைந்தது. அரசின் கோப்புகள் மறைந்தாலென்ன? மக்களிடம் தாள்கள் இருந்தன. தப்பிப் பிழைத்தோரின் நாவும் இருந்தது. சுமார் 340 மறைவிடச் சிறைகளையும், காணாமற்போனோர் 8,961 பேரையும் ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது.

1985-இல் தலைவர்கள் ஒன்பதின்மர் மீது குடிமை நீதிமன்றத்திலேயே வழக்கு நடந்தது. 833 சாட்சிகள் கூறினர். விடேலா, மசேரா இருவருக்கும் வாழ்நாள் சிறை, மூவருக்குக் குறைந்த தண்டனை, நால்வர் விடுதலை.

அத்துடன் முடியவில்லை. படையினர் முணுமுணுக்க, 1986, 1987-ஆம் ஆண்டுகளில் மேலும் வழக்குத் தொடராவண்ணம் சட்டங்கள் வந்தன. 1990-இல் விடேலாவே மன்னிக்கப்பட்டு வெளிவந்தார். நாட்டமைதி கருதிச் செய்தது என்பாரும் உளர். 1987-இல் படைக் கலகம் மூண்டது மெய்யே. அவ்வச்சத்தை நாம் எள்ளுவதற்கில்லை. எனினும் மன்னிக்கும் உரிமை மகனை இழந்தவளுக்கா, மாளிகையில் இருப்பவருக்கா என்னும் வினாவிற்கு அவர்களிடம் விடையில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லா என்றது. மீண்டும் தண்டிக்கப்பெற்ற விடேலா 2013-இல் சிறையிலேயே மாண்டார்.

இடைப்பட்ட இருண்ட நாள்களில் நிகழ்ந்த ஒன்று எம் நெஞ்சை விட்டகலாதது. 1985 விசாரணையின் ஒளிநாடாக்களை எவரேனும் அழித்துவிடக்கூடும் என அஞ்சிய நீதிபதிகள், 1988-இல் அவற்றின் படிகளைத் தாமே நார்வே நாட்டிற்குச் சுமந்து சென்று, அந்நாட்டு நாடாளுமன்றக் காப்பகத்தில் ஒப்படைத்துத் திரும்பினர்.