பெங்களூர்த் தமிழ்ச் சபைகளும் திடப்படுத்தலும்

குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெறும் கிறிஸ்தவப் பிள்ளை, அன்று தன் பொருட்டுச் சொல்லப்படும் வாக்குறுதி எதனையும் அறியாது. பெற்றோரும் ஞானப்பெற்றோருமே அதன் சார்பில் விசுவாச அறிக்கை செய்கின்றனர். ஆண்டுகள் பல கழிந்து, அறிவு முதிர்ந்த பின்னர், அப்பிள்ளை சபையார் முன்னிலையில் எழுந்து நின்று, பிறர் தனக்காகக் கூறிய சொல்லைத் தன் வாயாலேயே கூறி ஏற்றுக்கொள்ளுகிறது. இதனைச் சீர்திருத்தச் சபையார் திடப்படுத்தல் என்பர்; கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்று வழங்கித் திருவருட்சாதனங்கள் ஏழனுள் ஒன்றாகப் போற்றுவர். சைவரிடையே சமய தீட்சை பெறுவதை இதனோடு ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் தீட்சை பெரும்பாலும் குருவுக்கும் மாணாக்கனுக்கும் இடையே நிகழ்வது. திடப்படுத்தலில் சபை முழுவதும் சாட்சியாக நிற்கிறது.

அங்ஙனமாயின், அப்பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் உரிமை யாருக்கு உரியது? பேராயருக்கா, உள்ளூர்க் குருவானவருக்கா, அன்றிச் சபையாருக்கேயா? இவ்வினா ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகச் சபைகளைப் பிரித்துவைத்தது. பெங்களூர்த் தண்டுப் பகுதியில், ஒரு நாழிகை நடைத் தொலைவுக்குள், இவ்வினாவுக்கு மூன்று வேறு விடைகளைத் தமிழரே வழங்கி வாழ்ந்தனர் என்பது பலர் அறியாத செய்தி.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்குத் தங்கிய ஆங்கிலப் படை, நோய்க்கு அஞ்சி நல்ல தட்பவெப்பம் தேடிப் பெங்களூருக்கு இடம்பெயர, 1809-இல் தண்டு நிறுவப்பெற்றது. அது சென்னைப் படையாதலின், உடன் வந்தோரும் தமிழராயினர். சிப்பாய்கள் மட்டுமல்லர், சமையற்காரர், கொத்தர், வண்டிக்காரர், தானிய வணிகர், குத்தகைதாரர் எனப் பலரும் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரைச் சூழ்ந்த தெருக்களிலும் குடியேறினர். மைசூர் அரசரின் நாட்டுக்குள் இருந்தும், இப்பகுதி 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. வெளி மாநிலத் தமிழர் என்று இன்று நாம் நம்மைக் கூறிக்கொள்ளுகிறோமே, அந்நிலையை மாநிலங்கள் தோன்றுமுன்பே அறிந்தவர் இவர்கள்.

இலண்டன் மிஷன் 1820-இல் இங்குப் பணி தொடங்கியது. சாமுவேல் பிளேவல் என்னும் தமிழர் அதன் தமிழ்ச் சபையில் ஊழியம் புரிந்து, பின்னர்ப் பெல்லாரிக்குச் சென்று, அங்கேயே 1847-இல் மறைந்தார். இம்மிஷனின் மரபில் பேராயர் என்பவர் இலர். நற்கருணைப் பந்தியில் அமர விரும்பும் இளைஞனின் அறிவையும் ஒழுக்கத்தையும் போதகரும் மூப்பரும் ஆராய்வர். ஏற்பது சபையின் உரிமை. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த வெஸ்லியன் மிஷனார் சிறு வகுப்புகளாகக் கூடி, ஒருவர் வாழ்வை ஒருவர் விசாரித்து, காலாண்டுதோறும் உறுப்பினர்க்குச் சீட்டு வழங்குவர். இங்கு இளைஞரைத் தாங்குவது அவ்வகுப்பே.

ஆங்கிலத் திருச்சபையின் வழியோ வேறு. 1840-இல் முத்துச்சேரியில் எழுந்த தூய பவுல் ஆலயம் அம்மரபைச் சார்ந்த தமிழர்க்கு உரியது. 1662-ஆம் ஆண்டின் செபப் புத்தகம், திடப்படுத்தப்பெற்றவரோ, அதற்கு ஆயத்தமாகி அதனை விரும்பி நிற்பவரோ அன்றிப் பிறர் நற்கருணை பெறலாகாது என்று விதித்தது. அவ்வாறு தலைமேல் கைவைத்துத் திடப்படுத்துபவர், அந்நாளில் அத்தியட்சர் எனப்பட்ட பேராயர் ஒருவரே. அவர் இருந்த இடம் எது? 1814 வரை இந்தியாவிலேயே ஆங்கிலத் திருச்சபைக்குப் பேராயர் இலர். பின்னர் வந்தவர் கல்கத்தாவில் இருந்தார். சென்னைக்கெனத் தனிப் பேராயர் வந்தது 1835-இல். பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை வந்ததோ 1864-இல். ஆகவே அவர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் ஆயத்தமாகிக் காத்திருக்க நேர்ந்தது.

இத்தொலைவின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று தமிழகத்தில் நடந்தது. கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826-இல் தென்னாட்டுக்கு வந்தார். மார்ச்சு 26, உயிர்த்தெழுந்த திருநாள். அன்று தஞ்சையில் தமிழ் ஆராதனையின் முடிவில் அவர் ஆசியுரையைத் தமிழிலேயே கூறினார். கற்றுக்கொண்டு சொன்ன சில சொற்கள்தாம். ஆயினும் கேட்டோர் நெகிழ்ந்தனர். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி சென்றவர், ஏப்ரல் 3-ஆம் நாள் விடியற்காலையில் கோட்டையிலுள்ள தமிழ்ச் சபைக்குப் போய்த் தமிழர் சிலரைத் திடப்படுத்தினார். திரும்பி வந்து குளிக்கச் சென்றவர், அக்குளத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. ஆகவே அவரது கடைசித் திருப்பணி தமிழர்க்குச் செய்த திடப்படுத்தலே ஆயிற்று. அன்று அவர் கை பட்டு எழுந்தவர்கள், சில நாழிகைக்குள் அச்செய்தியைக் கேட்டபோது என்ன எண்ணினரோ! அவர் உடல் அந்நகரின் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

கைவைப்பவர் யாராயினும், ஆயத்தம் மட்டும் எல்லா மரபினர்க்கும் ஒன்றே. ஞானோபதேச வினாவிடையை மனப்பாடம் செய்தல் வேண்டும். இதற்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. தமிழெழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூலாகிய தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் வெளியிட்ட 16 பக்க ஞானோபதேசம்தான். மறு ஆண்டு கொச்சியில் அவர் வெளியிட்ட கிரீசித்தியானி வணக்கம், ஆசிரியனும் மாணாக்கனும் வினவி விடையிறுக்கும் முறையில் அமைந்தது. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். தமிழ் அச்சுக்கலை கற்பிக்கும் நோக்கத்தோடே பிறந்தது என்றால் மிகையாகாது. மனனம் செய்வது பொருளறியாச் செயல் என்று பழிப்போர் உளர். நன்னூலும் நிகண்டும் அவ்வாறே அல்லவா நம்மவர் கற்றனர்? நெட்டுருவாக உள்ளே சென்ற சொல், பின்னொரு நாள் துன்பம் வருங்கால் பொருள் தந்து நிற்பதுண்டு.

மூன்று விடைகளும் ஒன்றுசேர்ந்த கதைக்கு வருவோம். சபை ஒற்றுமைக்கான பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் எழுந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டு நீண்டது. கைவைத்தல் பேராயர்க்கே உரியதா என்பது அதில் எழுந்த சிக்கல்களுள் ஒன்று. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்தபோது, ஒருவர் வழக்கத்தை மற்றவர்மேல் திணிக்கவில்லை. பேராயர் கைபெறாது நற்கருணை பெற்றுவந்த எவரும் மறுபடி திடப்படுத்தல் பெறவேண்டும் என வற்புறுத்தப்படவில்லை. பேராயரே அன்றிக் குருவானவரும் அதனை நடத்த இடமளிக்கப்பெற்றது. பின்னர் அமைந்த ஆராதனை முறையில், ஞானஸ்நானம் பெற்றோரைச் சபையின் நிறைவான ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டனர்; திடப்படுத்தல் என்பது வழக்குப் பெயராக நின்றது. பெயரில் சபையை முன்னிறுத்திய இம்மாற்றத்தை நான் சிறிதென்று கருதவில்லை. இலண்டன் மிஷன் சபையாரின் உரிமையும், வெஸ்லியர் வகுப்பின் பரிவும், பேராயர் கையும் அப்பெயருக்குள் அடங்கின.

கத்தோலிக்கர் செய்தியையும் சுருங்கக் கூறலாம். 1882-இல் சிவாஜிநகரில் இன்றைய உருப்பெற்ற தூய மரியன்னை ஆலயம், செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவில் தமிழர் கூட்டத்தால் நிறையும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. 1971-இல் திருத்திய முறைப்படி, உறுதிபூசுதல் பெறுவோர் ஞானஸ்நான வாக்குறுதிகளைத் தாமே புதுப்பித்துக் கூறுகின்றனர்.

இன்று பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயிலும் பிள்ளைக்குத் தமிழ் வீட்டுப் பேச்சாகவே நிற்கிறது, எழுத்து அறியாது. ஆராதனைத் தமிழோ நூற்றாண்டு கண்ட நடை. அப்பிள்ளை விசுவாசப்பிரமாணத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து உருப்போடுவதுண்டு. ஆங்கில ஆராதனைக்கே அவர்களை அனுப்பிவிடலாம் என்பார் சிலர். தன் சொல்லைத் தானே உணர்ந்து சொல்லுதல் இச்சடங்கின் உயிர் ஆதலால், அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் எவர் முன்னிலையில் அச்சொல் சொல்லப்படுகிறதோ, அவர்கள் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லித்தந்த அம்மையாரும், தந்தையின் தந்தையை அறிந்த முதியவரும் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். திடப்படுத்தல் வகுப்பை முன்னிட்டே தமிழ் எழுத்தைக் கற்பிக்கலாம். சில திங்களில் முடியாத செயலன்று.

பெயர் சொல்லி அழைக்கப்படும்போது பிள்ளை முன்வந்து முழங்காற்படியிடுகிறது. கை வைக்கப்படுகிறது; செபம் சொல்லப்படுகிறது. பின்னர் முதன்முறையாகப் பந்திக்குச் செல்லும் அப்பிள்ளைக்கு, முன்னிருப்போர் நகர்ந்து இடம் விடுகின்றனர். ஆராதனை முடிந்ததும் அதன் பெயர் சபைப் பதிவேட்டில் ஏறுகிறது. நாளை அப்பிள்ளை பம்பாய்க்கோ தில்லிக்கோ வேலை தேடிச் சென்றால், அவ்வேட்டிலிருந்து எழுதப்பெற்ற கடிதமே அங்குள்ள சபைக்கு அதனை அறிமுகப்படுத்தும்.