சப்தஸ்வரங்கள் முதல் பிக் பாஸ் வரை: ரியாலிட்டி ஷோக்களின் கதை

மக்களே, யூடியூப்ல பழைய டிவி நிகழ்ச்சிகளைத் திரும்பப் பாக்குற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. ஆம்பூர் பக்கம் கிளினிக். ராத்திரி கடைசி பேஷன்ட் போனதும் ஒரு எபிசோடு பாப்பேன். அப்படி வரிசையா பாத்ததுல புரிஞ்ச வரலாறு இது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதல்ல 1990கள். 1993இல் சன் டிவி வந்தது. ஏ.வி.ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்', இலங்கை வானொலியில் புகழ்பெற்ற பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' இதெல்லாம் நினைவிருக்கா? இன்னைக்குப் பாத்தா ஒண்ணு சட்டுனு கண்ணுல படும். பாட வந்தவரின் பேர், ஊர் தெரியும். பாடுவார், பரிசு வாங்குவார், போய்டுவார். அவர் வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியாது. தெரியணும்னு யாரும் கேக்கவும் இல்லை.

அடுத்தது 2000. அந்த ஜூலையில் ஸ்டார் பிளஸ்ஸில் அமிதாப் பச்சனின் 'கவுன் பனேகா குரோர்பதி' ஆரம்பிச்சது. பிரிட்டிஷ் நிகழ்ச்சி ஒன்றின் இந்திய வடிவம். தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். "ஜெயிச்சா இந்தப் பணத்த என்ன பண்ணுவீங்க?" இந்த வகை நிகழ்ச்சிகளோட வந்த கேள்வி இது. வீட்டுக் கடனும் தங்கச்சி கல்யாணமும் அந்தக் கேள்வி வழியாத்தான் மேடை ஏறின.

பெரிய திருப்பம் 2006. விஜய் டிவியில் 'சூப்பர் சிங்கர்', 'ஜோடி நம்பர் 1', 'நீயா நானா' மூணும் அந்த ஒரே வருஷத்தில் வந்தவை. அதே 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. சில வருஷங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போச்சு. பாலாற்றங்கரைக் கிராமங்களும் அதில் அடக்கம்.

கூடவே எஸ்எம்எஸ் ஓட்டு. இதைக் கவனிங்க. நடுவர் மட்டும் மார்க் போட்டா குரல் போதும். மக்கள் ஓட்டுப் போடணும்னா பாடுறவரை அவங்களுக்குப் பிடிக்கணும். பிடிக்கணும்னா கதை வேணும். அதனாலதான் வீட்டுக்கே கேமரா போச்சு. அம்மா அழுதா ஸ்லோமோஷன், பின்னாடி வயலின்.

இதில் குழந்தைகளும் இருந்தாங்க. 2008இல் கொல்கத்தாவில் ஒரு பள்ளி மாணவி, டிவி போட்டியில் நடுவர்கள் கண்டித்த பிறகு பேச்சே முடங்கிப்போய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதுதான் காரணம்னு தூரத்திலிருந்து ஒரு டாக்டர் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனா நாடே கேள்வி கேட்டது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2010-11இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நம்ம பகுதிக்காரங்களுக்கு இதில் ஒரு தொடர்பு இருக்கு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்த வேலைகளின் பட்டியலில் பீடி, தீப்பெட்டி, தோல் பதனிடுதல் மூணும் உண்டு. குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர்க்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2016இல் அதே சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாதுன்னாங்க. விதிவிலக்கு ரெண்டே ரெண்டு: குடும்பத் தொழிலில் உதவுறது, கலைஞரா நடிக்கிறது, பாடுறது. 2017 விதிகள்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாம 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பேரில் டெபாசிட் ஆகணும்.

அதாவது, மேடையில் பாடும் குழந்தையும் வேலை பாக்குற குழந்தைதான். இதைச் சொல்றது சட்டம்.

2011இல் ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை'. இங்க பாட்டு வேணாம், ஆட்டம் வேணாம், திறமையே வேணாம். குடும்பத்தின் காயம்தான் சரக்கு. ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். ஷூ கம்பெனி வேலைக்குப் போற அக்காக்கள் சிலர், "நம்ம வீட்ல நடக்கறது தப்புன்னே அதப் பாத்துதான் டாக்டர் தெரிஞ்சுது"ன்னு சொல்லியிருக்காங்க. பார்த்தவங்களுக்குக் கிடைச்ச பலன் அது. ஆனா கேமரா முன்னாடி உக்காந்தவங்க? 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அப்புறம் 2017 ஜூன் 25, கமல்ஹாசனோடு 'பிக் பாஸ்'. 1999இல் நெதர்லாந்தில் பிறந்த 'பிக் பிரதர்' இங்க வந்து சேர 18 வருஷம் ஆச்சு. முதல் சீசனிலேயே, மக்கள் கொண்டாடிய ஓவியா மன அழுத்தத்தோடு பாதியில் வெளியேறினார். அவர் தவிச்சதும் எபிசோடா ஓடுச்சு.

உலகம் இதை முன்னமே பாத்திருக்கு. 1997இல் ஸ்வீடனில் தீவில் வாழும் போட்டி ஒன்று நடந்தது. 'சர்வைவர்' வகைக்கு அதுதான் முன்னோடி. அதில் முதலில் வெளியேற்றப்பட்டவர், ஒளிபரப்புக்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார். 2019இல் பிரிட்டனில், குடும்பச் சண்டைகளை மேடையேற்றிய ஒரு நிகழ்ச்சியில் பங்கேற்றவர் இறந்தபின் அந்த நிகழ்ச்சியையே நிறுத்தினாங்க. 2021இல் அங்குள்ள ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு, பங்கேற்பவர் நலனுக்கு நிகழ்ச்சி நடத்துபவரே பொறுப்புன்னு விதி கொண்டுவந்தது.

இந்த நியாயம் நமக்குப் புதுசா? இல்லவே இல்லை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பாலாற்றில் கழிவு விட்ட தோல் தொழிற்சாலைகள்தான் அந்தச் சேதத்துக்கான செலவை ஏற்கணும்னு. மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும். இந்தியாவுக்கே பாடமான தீர்ப்பு அது. தொழில் வேணாம்னு அது சொல்லலை. லாபம் உனக்கு, கழிவு ஊருக்கு என்பது செல்லாதுன்னுதான் சொன்னது.

டிவிக்கும் அதே கணக்குதான். ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க கையெழுத்து வாங்குவோம். ஆனா கையெழுத்தோட எங்க பொறுப்பு முடியாது, தையல் பிரிக்கிற வரைக்கும் பாக்கணும். 2008இல் மேடையில் அழுத 9 வயசுக் குழந்தைக்கு இன்னைக்குக் கல்யாண வயசு. அந்த வீடியோ மட்டும் இன்னும் மீமா சுத்துது. கையெழுத்துப் போட்டதோ பெத்தவங்க.

பழைய எபிசோடுகளைத் தாராளமா பாருங்க, நானும் பாக்கப் போறேன். அழுற முகத்தை மட்டும் வெட்டி ஃபார்வர்டு பண்ணாதீங்க. உங்க பிள்ளைக்கு ஆடிஷன் வந்தா, "தோத்தா அப்புறம் யார் பாத்துப்பாங்க?"ன்னு கேளுங்க. பதிலை எழுத்தில் வாங்குங்க.

மனசு பாரமா இருக்கிறவங்க டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை.